கல்லூரிக்குப் போக முதல் பைக்: பெங்களூரில் எதை வாங்கலாம்?

என் அக்கா மகன் பெங்களூரில் பொறியியல் படிப்பில் சேர்ந்திருக்கிறான். ஊர் கிருஷ்ணகிரி, தங்கியிருப்பது எஜிபுராவில் ஒரு பிஜி விடுதி, கல்லூரி சர்ஜாபூர் சாலையில் தொம்மசந்திரா பக்கம். அந்தத் திசையில் மெட்ரோ கிடையாது. பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் முதல் வகுப்பு பாதி முடிந்துவிடுகிறது என்று ஒரு மாதம் புலம்பியபின், பதினெட்டு வயது நிறைந்து கியர் வண்டிக்கான ஓட்டுநர் உரிமமும் கையில் இருப்பதால், பைக் வாங்கித் தருவதாக அத்தான் ஒப்புக்கொண்டார். சாலை வரி, காப்பீடு, ஹெல்மெட் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் வரை தருவார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. எந்த வண்டி என்று முடிவு செய்யும் பொறுப்பு, இருபது ஆண்டுகளாக இந்த ஊர்ச் சாலைகளில் பைக் ஓட்டிக்கொண்டிருக்கும் என் தலையில் விழுந்தது.

அவன் கொண்டுவந்த பட்டியலில் யமஹா ஆர்15, ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350, டிவிஎஸ் அப்பாச்சி 160 என்று மூன்று வண்டிகள் இருந்தன. நான் அதில் ஹீரோ ஸ்பிளெண்டர், டிவிஎஸ் ரைடர் 125 ஆகிய இரண்டையும் சேர்த்தேன். "ஸ்பிளெண்டரா? அது பால்காரர் வண்டி மாமா" என்றான். 1994 முதல் சந்தையில் இருக்கும் வண்டியைப் பால்காரர்கள் இன்னமும் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கும் என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

இந்த ஒப்பீட்டில் நான் முதலில் பார்த்தது வண்டியின் எடையை. குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் பற்றியே பேச்சு நடப்பதால் எடையை யாரும் கேட்பதில்லை. ஆனால் புதிதாக ஓட்டுகிறவன் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் நின்றுகொண்டிருக்கும்போதோ, நடை வேகத்தில் நகரும்போதோதான். எஜிபுரா பிஜிக்களின் வண்டி நிறுத்தும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பத்து வண்டிக்கான இடத்தில் இருபது வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். காலையில் நம் வண்டியை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் நிற்கும் இரண்டு வண்டிகளை நகர்த்தி, நம்முடையதன் பின்பக்கத்தைக் கையால் பிடித்து ஒதுக்கி, சரிவில் பின்னோக்கித் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டும். ஸ்பிளெண்டர் 112 கிலோ, ரைடர் 123 கிலோ. ஆர்15, அப்பாச்சி வகை வண்டிகள் 140 கிலோவை ஒட்டி வரும். ஹண்டர் 181 கிலோ. ஸ்பிளெண்டருக்கும் ஹண்டருக்கும் உள்ள வித்தியாசம் 69 கிலோ. அதாவது, யாரும் ஏறாமலே பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். என் அக்கா மகனின் எடையே 58 கிலோதான்.

ஹண்டரைப் பற்றி நியாயமாகச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் வந்த இந்த வண்டி, அதே நிறுவனத்தின் 195 கிலோ கிளாசிக்கோடு ஒப்பிட்டால் இலேசானதுதான். இருக்கையின் உயரம் 790 மில்லிமீட்டர் என்பதால் சராசரி உயரமுள்ளவருக்கும் இரண்டு கால்களும் தரையில் படியும். 349 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையைத் தந்துவிடுவதால் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நெரிசலில் அரை மணி நேரம் கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடும் இடது கையையும், சிக்னலுக்குச் சிக்னல் அந்த எடையைத் தாங்கும் காலையும் கணக்கில் எடுத்தால், இப்லூர் சந்திப்பைத் தினமும் இருமுறை கடக்க வேண்டிய ஒருவனுக்கு இதை முதல் வண்டியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது வண்டியாக, வேலைக்குப் போனபின் அவன் சொந்தக் காசில் வாங்கினால் நானே கூடப் போய் எடுத்துத் தருவேன்.

ஆர்15-இன் சிக்கல் வேறு. 155 சிசியில் 18.4 குதிரைத்திறன் என்பது அந்த அளவு எஞ்சினுக்கு உண்மையிலேயே நல்ல வேலைப்பாடு. ஆனால் அந்தத் திறன் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வி.வி.ஏ. என்று அவர்கள் சொல்லும் வால்வு ஏற்பாடு கூடுதல் திறன் தரும் நிலைக்கு மாறுவது 7,400 சுற்றில். சர்ஜாபூர் சாலையில் காலை எட்டரை மணிக்கு அந்தச் சுற்றைத் தொடுவதற்கு இடமே கிடைக்காது. கைப்பிடிகள் தாழ்வாக இருப்பதால் உடம்பு முன்னால் சாய்ந்து, மெதுவாகப் போகும்போது முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். மணிக்கு அறுபது, எழுபதில் காற்று நெஞ்சைத் தாங்கும்போதுதான் அந்த உட்காரும் முறை சுகமாகிறது. இருக்கையின் உயரம் 815 மில்லிமீட்டர். பின் இருக்கையோ உயரத்தில் ஒட்டவைத்த பலகைபோல் இருப்பதால், நண்பனை ஏற்றிக்கொண்டு போனால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவன் நம் முதுகில் வந்து விழுவான். கல்லூரி வண்டியில் பின்னால் ஆள் இல்லாத நாள் அபூர்வம்.

இனிப் பணக் கணக்கு. 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்ததில் பட்டியலில் உள்ள எல்லா வண்டிகளும் விலை இறங்கின. ஆனால் கர்நாடகத்தின் சாலை வரி, வண்டி விலையைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுவது: ஐம்பதாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை 12 விழுக்காடு, ஒரு லட்சத்தைத் தாண்டினால் 18 விழுக்காடு; இந்த வரியின்மேல் மேல்வரி தனி. முக்கால் லட்ச ரூபாய் வண்டிக்கு 9,000 ரூபாய் வரி கட்டும் இடத்தில், ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு 27,000 கட்ட வேண்டும். விலை இரண்டு மடங்கானால் வரி மூன்று மடங்காகிறது. இந்தப் படி எங்கே உடைகிறது என்பதுதான் வாங்குபவர் கவனிக்க வேண்டியது. ஷோரூம் விலை 95,000 என்றால் வரி 11,400. விலை 1,10,000 என்றால் வரி 19,800. பதினைந்தாயிரம் ரூபாய் கூடுதலான வண்டிக்கு எட்டாயிரத்து நானூறு ரூபாய் கூடுதல் வரி என்பது, ஷோரூம் விலையை மட்டும் பார்த்துவிட்டு மனத்தில் கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு ஆன்-ரோடு விலைச்சீட்டு கைக்கு வரும்போதுதான் தெரிகிறது.

காப்பீட்டிலும் இப்படி ஒரு படி இருக்கிறது. புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கான மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்பது 2018 செப்டம்பர் முதல் விதி. 2022 ஜூனில் நடப்புக்கு வந்த விகிதப்படி, 75 முதல் 150 சிசி வரை இந்த ஐந்தாண்டுத் தொகை 3,851 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய். ஜிஎஸ்டியும், வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடும் இவற்றுக்கு மேல். ஆகவே, நான் பிறகு கணக்கில் சேர்த்துக்கொண்ட 149 சிசி யமஹா எஃப்இசட் முதல் வகுப்பிலும், அதைவிடப் பத்தே பத்து சிசி கூடுதலான அப்பாச்சி 160 இரண்டாம் வகுப்பிலும் போய் நிற்கின்றன. தொகை பெரிதில்லை என்றாலும், அந்த மூவாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நல்ல ஹெல்மெட் வந்துவிடும். ஹெல்மெட்டுக்கென்று தனியே மூவாயிரம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுவதையும் மூடுவது ஒன்று அவனுக்கு, இன்னொன்று பின்னால் உட்காருபவனுக்கு. காதுக்கு மேலேயே நின்றுவிடும் அந்தச் சட்டித் தொப்பிகளை இந்த ஊரில் ஏன் இத்தனை பேர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெட்ரோல் கணக்கில் ஒரு மாதத்துக்குக் கல்லூரிப் போக்குவரத்து 700 கிலோமீட்டர், ஊருக்கு ஒருமுறை போய்வர 180, ஆக ஏறத்தாழ 900 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டேன். நெரிசலில் ஸ்பிளெண்டர் லிட்டருக்கு 60, எஃப்இசட், அப்பாச்சி வகையறா 45, ஹண்டர் 33 கிலோமீட்டர் தரும் என்று என் அனுபவத்திலும் நண்பர்கள் சொன்னதிலுமிருந்து வைத்தால், முறையே 15, 20, 27 லிட்டர் ஆகிறது. பெங்களூரில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. கணக்கு எளிதாக இருக்க நூறு என்றே கொண்டால் 1,500, 2,000, 2,700 ரூபாய். ஸ்பிளெண்டருக்கும் ஹண்டருக்கும் மாதம் 1,200 ரூபாய் வித்தியாசம். விடுமுறைகள் போக ஆண்டுக்குப் பத்து மாதம் ஓட்டினால் நான்கு ஆண்டுப் படிப்பில் 48,000 ரூபாய். மாதச் செலவுக்கு அப்பாவிடம் கை நீட்டும் மாணவனுக்கு இந்த 1,200 என்பது பிஜியில் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு போடாத குறையைத் தீர்க்கும் தொகை.

இந்தக் கணக்கெல்லாம் நூறு சிசிக்கும் நூற்றிருபத்தைந்து சிசிக்கும் ஆதரவாகவே போவதைப் பார்த்து, ஸ்பிளெண்டர் என்று முடித்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தடுத்தது பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாயிற்று. 125 மற்றும் அதற்குக் கீழ் உள்ளவற்றுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சிபிஎஸ் இருந்தாலே போதும் என்று விட்டுவிட்டார்கள். நனைந்த சாலையில் நாயோ ஆட்டோவோ குறுக்கே வரும்போது, பழகாத கை முன் பிரேக்கை முழுக்க இறுக்கிவிடும். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் வண்டியைக் காப்பாற்றுவது அனுபவசாலிக்கே கடினம். ஏபிஎஸ் அந்தக் கணத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரத்தைச் சுழல வைக்கிறது. பெங்களூரில் மே மாதக் கோடை மழையில் தொடங்கி அக்டோபர் வரை எந்த மாலையிலும் மழை வரலாம். சர்ஜாபூர் சாலையில் தோண்டிய பள்ளங்களிலிருந்து வெளியே வந்த செம்மண், முதல் தூறலில் சாலையெங்கும் பரவி வழுக்கும். இங்கே பிரேக் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவனுக்கு ஏபிஎஸ் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதிலும் அவன் மாதம் ஒருமுறை ஓசூர் வழியாக ஊருக்குப் போகப்போகிறான். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில், கர்நாடகத்திலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே 112 கிலோ வண்டியும் டிரம் பிரேக்கும் எனக்கு நிம்மதி தரவில்லை.

ஆக, இலேசான வண்டிகளில் பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லை. ஏபிஎஸ் உள்ள வண்டி வாங்கினால் பெரும்பாலும் விலை ஒரு லட்சத்தைத் தாண்டி 18 விழுக்காட்டு வரியில் மாட்டிக்கொள்கிறது. இந்த இடுக்கிலிருந்து வெளியேற மூன்று வழிகள் தெரிந்தன.

ஒன்று, எஃப்இசட் அல்லது அப்பாச்சி 160-இன் அடிப்படை வகையைப் புதிதாகவே எடுப்பது. முன் சக்கரத்தை மட்டும் கவனிக்கும் சிங்கிள் சேனல் ஏபிஎஸ்தான் கிடைக்கும், அதுவே போதும். எஃப்இசட் 12.4 குதிரைத்திறன் மட்டுமே தருவதால் பையன்கள் மதிப்பதில்லை. நான் ஓட்டிப்பார்த்த அளவில், கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும் இந்த மந்தமான எஞ்சின், புதிதாக ஓட்டுகிறவனின் தவறான கியரைப் பொறுத்துக்கொள்கிறது. அகலமான கைப்பிடி இருப்பதால் நெரிசலில் வண்டி சொன்னபடி திரும்புகிறது. அப்பாச்சி சுறுசுறுப்பானது, ஓட்டவும் உற்சாகமானது. டிவிஎஸ் ஆலை ஓசூரில்தான் இருக்கிறது என்பதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. இரண்டுமே அத்தானின் வரம்பை உரசிக்கொண்டு நிற்கும். ஷோரூம்காரர் கிராஷ் கார்டு, சீட் கவர், 'கையாளும் கட்டணம்' என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் தாண்டிவிடும்.

இரண்டாவது வழி, ஏபிஎஸ் உள்ள 125 சிசி வண்டி. சட்டம் கேட்காவிட்டாலும் சில நிறுவனங்கள் கொடுக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர் அவற்றில் ஒன்று. அதன் சிங்கிள் சேனல் ஏபிஎஸ் வகை ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பதால் 12 விழுக்காட்டு வரியிலேயே நிற்கிறது. காப்பீட்டிலும் கீழ் வகுப்பு. எடை 136 கிலோ. ரைடரைவிட 13 கிலோ கூடுதல் என்பது எனக்குச் சற்று உறுத்தினாலும், தோற்றத்தில் 'பால்காரர் வண்டி' என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரைடர் ஓட்டுவதற்கு இதைவிட இனிமையானது என்பது என் கருத்து. முன்னால் டிஸ்க் பிரேக்கும் இருக்கிறது. ஊருக்கு நெடுஞ்சாலையில் போகாதவனாக, கோரமங்களாவுக்குள்ளேயே சுற்றுகிறவனாக இருந்திருந்தால் ரைடரையே சொல்லியிருப்பேன்.

மூன்றாவது வழி, செகண்ட் ஹேண்ட். பெங்களூர் இதற்கு நல்ல ஊர். வேலை மாறி வேறு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டிய வண்டிகளை மாதந்தோறும் விற்கிறார்கள். ஒரே ஒரு எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டால் தேடுவது எளிது: 2020 ஏப்ரலுக்குப் பின் தயாரான, 125 சிசிக்கு மேற்பட்ட வண்டியாக இருந்தால் ஏபிஎஸ்ஸும் இருக்கும், பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிப்படி ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் இருக்கும், டிசம்பர் காலைக் குளிரில் சோக்கை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வண்டியைக் குளிர்ந்த நிலையில் நாமே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் அன்று திரும்பிவிடுவது நல்லது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, செயின் ஸ்பிராக்கெட்டின் பல் தேய்மானம், கைப்பிடியை விட்டால் ஒரு பக்கம் இழுப்பது ஆகியவற்றை மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய்ப் பார்த்துவிடலாம். அவருக்குக் கொடுக்கும் முந்நூறு ரூபாய் வீண்போகாது.

காகிதங்களில்தான் அதிக ஆபத்து. என் முதல் வண்டியை நான் சிவாஜி நகர்ப் பக்கம் ஒரு கடையில் பழையதாக வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ஏறியிருந்ததை நானும் கவனிக்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. எவனோ கட்டாமல் விட்ட தவணைக்காக எட்டு மாதம் என் பெயருக்கு மாற்ற முடியாமல் அலைந்தேன். அடமானம் நீங்கியதற்கான படிவம் 35, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையெழுத்து, நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்கள் ஆகியவற்றைப் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிட வேண்டும். அபராதம் வண்டி எண்ணில்தான் ஏறுகிறது. பழைய உரிமையாளர் சிக்னலைத் தாண்டியதற்கு நாம் கட்ட வேண்டிவரும்.

நடுவில் அத்தான் ஒரு யோசனை சொன்னார்: கிருஷ்ணகிரியிலேயே வாங்கிவிட்டால் என்ன? தமிழ்நாட்டில் ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 விழுக்காடுதான் சாலை வரி. ஒன்றேகால் லட்ச ரூபாய் வண்டிக்கு 7,500 ரூபாய் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குக் கிருஷ்ணகிரியிலிருந்து தடையில்லாச் சான்று, இங்கே கர்நாடக வரி, அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற மனு என்று நீளும். நான்கு ஆண்டு இங்கேயே தங்கிப் படிக்கிறவனுக்கு அந்த மிச்சம் உண்மையான மிச்சமில்லை. ஓராண்டுப் படிப்புக்கு வந்திருந்தால் ஊரிலேயே வாங்கச் சொல்லியிருப்பேன். இங்கே பதிவு செய்ய உள்ளூர் முகவரிச் சான்று வேண்டும். பிஜிக்காரரிடம் முறையான வாடகை ஒப்பந்தம் கேட்டு வாங்குவதை முதல் வேலையாகச் செய்யச் சொன்னேன்.

மின்சார வண்டியையும் பேசினோம், ஐந்து நிமிடம். சார்ஜ் செய்ய பிஜியில் இடமில்லை. பேச்சு அதோடு முடிந்தது. நெரிசலுக்கு ஸ்கூட்டர்தான் எல்லாவற்றையும்விடச் சுகம் என்பதையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து நானே நிறுத்திக்கொண்டேன்.

இப்போது பட்டியலில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன: எக்ஸ்ட்ரீம் 125ஆர் ஏபிஎஸ் வகை புதிதாக, அல்லது 2021-க்குப் பின் வந்த, ஒரே கை மாறிய எஃப்இசட். கல்லூரிக்கு முதன்மை, ஊருக்கு மாதம் ஒருமுறை என்ற அவன் நிலைக்கு என் ஓட்டு முதலாவதற்கு. நெடுஞ்சாலைப் பயணம் இதைவிட அடிக்கடி இருந்தால் எஃப்இசட்டின் பக்கம் சாய்வேன். அவன் இன்னும் ஹண்டரின் படத்தைத்தான் கைபேசியில் முகப்பாக வைத்திருக்கிறான். வரும் சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப்பார்க்கப் போகிறோம். பின்னால் உட்கார அறைத்தோழனையும் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஓட்டி முடித்தபின் எஞ்சினை அணைத்துவிட்டு, ஷோரூம் வாசல் சரிவில் வண்டியை அவனே பின்னோக்கித் தள்ளி மேலேற்றிக் காட்ட வேண்டும் என்பது என் நிபந்தனை. ஹண்டரையும் அப்படித் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். தாராளமாக என்று சொல்லிவிட்டேன்.